முன் கண்ணாடிப் பீடிங்குக்குள் ஒளிந்திருக்கும் துரு



நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு என்னுடைய பழைய அம்பாசடர் காரில் வந்திருந்தேன். அதைப் பார்த்த உறுப்பினர்கள் சிலர், "எங்கள் அப்பா வைத்திருந்த கார் ஊரில் அப்படியே நிற்கிறது. முன் கண்ணாடி ஓரமெல்லாம் துரு. என்ன செய்வது?" என்று கேட்டார்கள். நின்றுகொண்டே பேசி முடிக்கிற விஷயம் இல்லை. ஆகவே மலரில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பெட்டிகள் பராமரிப்புப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து, 2020-இல் ஓய்வு பெற்றவன். சொல்வதில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வந்த வழி

என் தகப்பனார் போடிநாயக்கனூர்க்காரர். மலை ஏறிப் பிழைக்க வந்து, இடுக்கி மாவட்டம் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். 1984-இல் இந்த வண்டியைப் பழைய வண்டியாக வாங்கினார். 1977 மாடல், மார்க் 3. போடிமெட்டு வளைவுகளில் அது ஏலக்காய் மூட்டையும் சுமந்தது, கல்யாண கோஷ்டியையும் சுமந்தது. என் அம்மாவைப் பிரசவ வலியோடு தேனிக்கு இறக்கிக்கொண்டு போனதும் இதே வண்டிதான். என் கடைசித் தம்பி பிறந்தது அப்படித்தான்.

1998-இல் அப்பா காலமானார். மறு வருடம் வண்டியைப் பாலக்காட்டுக்கு ஓட்டி வந்தேன். அதுவரை 15 வருடம் பூப்பாறையில் ஒரு தகரக் கொட்டகையில் நின்ற வண்டி. அங்கே மழை நின்றாலும் மூடுபனி நிற்காது. காலையில் காரின் மேல் கையை வைத்தால் உள்ளங்கை நனையும். பாலக்காட்டில் நிலைமை நேர்மாறு. மலைத்தொடரின் இடைவெளி வழியாகக் கோடையில் அனல் காற்று வீசும். ஜூன் பிறந்தால் அதே வழியாக மழை சாய்ந்து அடிக்கும். இடுக்கியின் ஈரத்தில் துரு பிறந்தது. பாலக்காட்டின் வெயிலில் கண்ணாடி ரப்பர் வெடித்தது. வெடித்த ரப்பருக்குள் மறுபடி மழை இறங்கியது. இரண்டு ஊரும் சேர்ந்து செய்த வேலை இது.

2023 ஜூன் மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை. "தாத்தா, காருக்குள்ளேயும் மழை பெய்யுது" என்றாள். என் ஆக்ஸிலேட்டர் காலிலும் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

துரு ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது?

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் துரு இல்லை. திறந்த பானெட்டில் விழும் மழை வழிந்து போய்விடும், வெயிலில் காய்ந்துவிடும். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியில் புகுந்த நீர் அப்படிக் காயாது. அந்த இடுக்கில் தூசியும் மண்ணும் பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும். ஊரெல்லாம் வெயில் அடிக்கும்போதும் அந்த விளிம்புத் தகடு மட்டும் நனைந்தே இருக்கும்.

இன்னொரு காரணம், அழகுக்காக வைத்திருக்கும் பளபளப்பான பட்டை. இதைத்தான் பட்டறையில் பீடிங் என்கிறோம். எங்கள் வண்டியில் அது துருப்பிடிக்காத எஃகு. அது துருப்பிடிக்காது, ஆனால் ஈரத்தில் சாதாரண இரும்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒரு சிறிய பாட்டரி போல வேலை செய்து பக்கத்து இரும்பை விரைவாக அரிக்கச் செய்யும். பீடிங்கின் ஓரம் உரசிப் பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தாலே போதும். துருவின் கன அளவு இரும்பைவிடப் பல மடங்கு பெரிது. அது பொங்கும்போது பக்கத்துப் பெயிண்டையும் தூக்கிவிடும். வெளியே சுண்டைக்காய் அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பெட்டிகளிலும் இதே கதைதான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கே செய்த பழைய மாதிரிப் பெட்டிகளில் கழிப்பறைக்கு அடியிலும், பக்கச் சுவர் தரையோடு சேரும் இடத்திலும்தான் துரு முதலில் பிடிக்கும். காரணம் ஒன்றே: நீர் தங்கும் இடம், கண் போகாத இடம். பணிமனைக்குப் பெட்டி வந்தால் அரித்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்போம். இப்போது வரும் எல்.எச்.பி. பெட்டிகளின் உடல் துருப்பிடிக்காத எஃகால் ஆனதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இவ்வளவு தெரிந்த நான் என் சொந்தக் காரில் ஏமாந்தேன். 2011-இல் கண்ணாடி ஓரத்தில் கொப்புளம் தெரிந்தபோது ஒரு பட்டறையில் விட்டேன். மூன்றே நாளில் பளபளவென்று தந்தார்கள். கண்ணாடியைக் கழற்றினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பளபளப்பைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பீடிங்கைக் கழற்றும் முறை

இந்த முறை அவசரப்படவில்லை. கொழிஞ்சாம்பாறையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு டிங்கர் இருக்கிறார். அவரிடம் போனேன். கொப்புளத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "ஏனுங்க சார், மேல பூசிட்டுப் போறதுன்னா நான் வேண்டாமுங்க. கண்ணாடியை எறக்குறதுன்னா சொல்லுங்க, செய்யலாமுங்க" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். வைப்பர் கைகளையும் உள்கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது எந்த முனை எங்கே என்பது நினைவிருக்காது. கண்ணாடியைச் சுற்றிப் பெயிண்டின் மேல் காகித டேப் ஒட்டுங்கள்.

பீடிங் இரண்டு வகை. நம் நாட்டுப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் ரப்பரில் ஒரு பள்ளம் இருக்கும். பீடிங் அதற்குள் செருகி இருக்கும். பல அமெரிக்க வண்டிகளில் பீடிங் உடம்பிலுள்ள சிறு கிளிப்புகளில் மாட்டியிருக்கும். அதை எடுக்க வளைந்த நுனியுள்ள தனிக் கருவி வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்காமல் திருப்புளியை விட்டு நெம்பாதீர்கள். பீடிங் ஒரு தடவை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது. அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம்.

எங்கள் வண்டியில் பீடிங் துண்டுகள் சேரும் இடத்தை ஒரு சிறிய மூடித்துண்டு மறைத்திருந்தது. அதை மெதுவாக ஒரு பக்கம் தள்ளினால் பீடிங்கின் முனை தெரியும். ரப்பர் வெயிலில் சூடேறி இளகும் வரை காத்திருந்தோம். சோப்பு நீரை ரப்பர் ஓரத்தில் விட்டோம். மூங்கிலைச் சீவி ஆப்பு மாதிரி செய்து, முனையில் கொடுத்து, இரண்டு விரல் அகலம் தூக்குவது, நகர்வது, மறுபடி தூக்குவது என்று போனோம். ஒரே இடத்தில் உயரமாகத் தூக்கக் கூடாது. மூலை வளைவில் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும் எடுக்க எங்களுக்கு அரை நாள் ஆனது.

கண்ணாடியை இறக்குதல்

கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பழைய வண்டிகளில் டஃபண்டு கண்ணாடி இருக்கலாம். அடிபட்டால் மொத்தமும் கற்கண்டு போல நொறுங்கிவிடும். லாமினேட்டட் வகையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். நொறுங்காது, ஆனால் முறுக்கினால் விரிசல் விடும். எதுவானாலும் கையுறையும் கண்ணுக்குக் கவசமும் அவசியம்.

எங்கள் ரப்பர் கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. அதைக் காப்பாற்ற நினைக்கவில்லை. வெளிப்பக்கத்து உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டோம். புது ரப்பர் வாங்கிவிடலாம். கண்ணாடி உடைந்தால் அதே அளவில் தேடி அலைய வேண்டும். உள்ளிருந்து ஒருவர் மேல் மூலையில் உள்ளங்கைகளால் பரவலாக அழுத்த, வெளியே இரண்டு பேர் ஏந்திக்கொள்ள, கண்ணாடி வந்தது. அதைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். சாக்கு விரித்து, சுவரோரம் சற்றே சாய்வாக, நிற்கவைக்க வேண்டும்.

உள்ளே இருந்தது

கீழ்ப்பக்கம் இடது மூலையில் பட்டி பூசிய ஒரு பகுதி கையோடு வந்தது. அதன் பின்னால் தகடே இல்லை. ஓட்டையை அடைக்கப் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி போட்டு, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மழை நீரைக் குடித்துக் குடித்து அந்தத் தாள் கூழாகியிருந்தது. 12 வருடம் இரும்பின் மேல் ஓர் ஈரத்துணியைக் கட்டி வைத்தது போலத்தான்.

இதில் கவலைப்பட வேண்டியது அழகைப் பற்றி அல்ல. அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். கண்ணாடியின் இரு பக்கத்துத் தூண்களும், அடியிலுள்ள தகடும் சேர்ந்துதான் கூரையைத் தாங்குகின்றன. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பது அவைதான். தவிர, அங்கே கசியும் நீர் டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள வயர்களில் இறங்கும். அது மின்கசிவுக்கும் தீக்கும் வழி. அந்த மூலையைப் பார்த்தபோது, மழையில் பேத்தியை முன் சீட்டில் உட்கார வைத்து ஓட்டியது நினைவுக்கு வந்து எனக்கு உடம்பு ஒரு நிமிடம் நடுங்கிவிட்டது.

அன்று இரவு கடைசித் தம்பிக்குப் போனில் சொன்னேன். அவன் வெளிநாட்டில் இருக்கிறான். "அண்ணே, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. செலவு பண்றது வீண்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. அம்மாவுக்கு அப்போது வயதாகியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர், "அவன் பொறந்த வண்டியை அவனே போடச் சொல்றான் பாரு" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் போன் இருந்தது. தம்பி அதற்கு மேல் பேசவில்லை. பாதிச் செலவை மறுநாளே அனுப்பிவிட்டான்.

துருவை மூன்றாகப் பிரியுங்கள்

ரயில்வேயில் சிறிய சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று ஒலிக்கும். தகட்டையும் அப்படித் தட்டிக்கொண்டே போங்கள். சந்தேகமான இடத்தில் திருப்புளி நுனியால் அழுத்துங்கள்.

முதல் வகை, மேல் துரு. தகடு கெட்டியாக இருக்கும், நிறம் மட்டும் மாறியிருக்கும். கம்பி பிரஷ், பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாள் கொண்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும்.

இரண்டாவது, குழித் துரு. அம்மைத் தழும்பு போலக் குழிகள். எவ்வளவு தேய்த்தாலும் குழிக்குள் கறுப்பு மிஞ்சும். இதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கும் திரவம் பூச வேண்டும். அது மிச்சத் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டப்பாவில் போட்டிருக்கும் நேரப்படி விட்டு, சுத்தம் செய்து, முழுக்கக் காயவிட வேண்டும். உதிரும் துருவின் மேல் அப்படியே இதைப் பூசினால் பலன் இல்லை.

மூன்றாவது, ஓட்டைத் துரு. இதற்கு மருந்து இல்லை, அறுவை சிகிச்சைதான். துருப்பிடித்த பகுதியோடு நிறுத்தாமல், சுற்றிலும் நல்ல தகடு வரும் வரை வெட்ட வேண்டும். எங்கள் டிங்கர் முதலில் அட்டையில் அச்சு வெட்டி, பொருத்திப் பார்த்து, பிறகு அதே கனமுள்ள தகட்டில் துண்டு செய்தார். விளிம்பின் வளைவைச் சிறிய சுத்தியலால் தட்டித் தட்டிக் கொண்டுவந்தார். பழைய காலத்தில் கேஸ் வெல்டிங்தான். மெல்லிய தகட்டில் அந்தச் சூடு பரவி நெளிவு உண்டாகும். இப்போது மிக் வெல்டிங் இருக்கிறது. அதிலும் ஒரே கோடாக இழுக்காமல் ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி எதிர் மூலையில் என்று வைத்து, இடையில் ஆறவிட்டார்.

வெல்டிங்குக்கு முன் டாஷ்போர்டு, கூரைத்துணி, வயர்கள் எல்லாவற்றையும் அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். பெட்ரோல் வாடை இருக்கவே கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெல்டிங்கில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம்.

பெயிண்டும் பட்டியும்

தேய்த்த இரும்பைத் திறந்தபடி இரவு முழுக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் காலைக்குள் செம்மை ஏறிவிடும். அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். எப்பாக்ஸி பிரைமர் நல்லது. சாதாரண ரெட் ஆக்சைடு அடித்தால், மேல் பெயிண்டையும் தாமதிக்காமல் அடிக்க வேண்டும். அதன் வழியாக ஈரம் உள்ளே இறங்கும்.

தகடுகள் சேரும் இடத்தில் சீலர் பூசுங்கள். பட்டி என்பது மேடு பள்ளத்தைச் சமன்படுத்த மட்டுமே. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தகட்டு வேலை சரியில்லை என்று பொருள். முக்கியமாக, ரப்பர் உட்காரும் விளிம்பின் இரு பக்கமும் முழுப் பெயிண்ட் ஏற வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடிக்கும் பெயிண்ட் அங்கே போகாது. பட்டறையில் விடும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும்.

திரும்ப மாட்டுதல்

புது ரப்பரை முதலில் கண்ணாடியில் மாட்டுங்கள். விளிம்பில் உட்காரும் பள்ளத்தில் ஒரு நைலான் கயிறைச் சுற்றிலும் வைத்து, இரண்டு முனையும் கீழ் நடுவில், வண்டியின் உள்பக்கம் தொங்கும்படி விடுங்கள். சோப்பு நீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து பொருத்தி, ஒருவர் உள்ளங்கையால் தட்டிக்கொடுக்க, உள்ளே இருப்பவர் கயிறை மெதுவாக இழுக்க வேண்டும். கயிறு வரவர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். பார்க்க அழகாக இருக்கும்! என் பேத்தி இன்னொரு தடவை செய்யச் சொன்னாள்.

பிறகு ரப்பர் பள்ளத்தில் சோப்பு நீர் விட்டுப் பீடிங்கைச் செருகுங்கள். கடைசியில் ஹோஸ் குழாயால் நீர் விட்டுச் சோதியுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே போனால் கசிவு எங்கே என்று சுலபமாகத் தெரியும். எங்களுக்கு மொத்தம் 11 நாள் பிடித்தது.

இனிமேல் செய்ய வேண்டியவை

கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வெளியேறும் துளைகளில் இலைச் சருகு அடைக்காமல் பாருங்கள். புளிய மரத்தடியில் நிறுத்துபவர்கள் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். வண்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிப் போர்த்தாதீர்கள். உள்ளே வியர்த்து, மழையில் நிற்பதைவிட அதிகமாகத் துருப்பிடிக்கும். காற்றுப் புகும் துணி உறை போதும். மூணாறு, பீர்மேடு போன்ற ஈர ஊர்களில் இருப்பவர்கள் வெயில் வரும் நாளில் உறையை எடுத்துக் கதவுகளைத் திறந்து வையுங்கள். பதினைந்து வருடம் கடந்த வண்டிக்குப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், அந்தப் பரிசோதனைக்கு முன்னால் தகட்டு வேலையை முடிப்பது நல்லது.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இனிப் புது வண்டி வராது. இருப்பதைப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. பூட்டிய வீட்டின் முன்னால் அப்பாவின் கார் நிற்கிறதா? இந்த விடுமுறைக்குப் போகும்போது கையில் ஒரு திருப்புளியோடு போய், பீடிங் ஓரத்தை நாலு இடத்தில் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சந்தோஷம். உள்ளே இறங்கினால் அடுத்த மழைக்கு முன்னால் கழற்றிவிடுங்கள்.

தம்பி சென்ற டிசம்பரில் வந்திருந்தான். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, அவனே போடிமெட்டு வரை ஓட்டினான். வழியில் மழை பிடித்தது. நான் பின் சீட்டிலிருந்து எட்டி, கண்ணாடியின் இடது மூலையைத் தடவிப் பார்த்தேன். கை நனையவில்லை.